பிள்ளையின் நோட்டில் சுழித்துக் கொடுத்த ‘ஜாலி’: இது யார் வீட்டுச் சொல்?

எல்லியட்ஸ்_அலை | வியாழன், இரவு 9:14

என் மகள் நாலாவது படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள் என்று ஆங்கிலத்தில் பத்து வரி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போயிருந்தோம். ஷ்மிட் நினைவுச் சின்னத்தைச் சுற்றி ஓடியது, சுண்டல் வாங்கியது, தம்பியின் ஒற்றைச் செருப்பை அலை கொண்டுபோனது என்று எல்லாவற்றையும் அவளே எழுதினாள், நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசி வரி: ‘வீ வேர் வெரி ஜாலி.’

நேற்று நோட்டு திரும்பி வந்தது. ஜாலியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு சுழி, அதன் மேல் ‘ஹேப்பி’ என்று திருத்தம். மதிப்பெண்ணைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் அவள் அந்தச் சுழியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “அம்மா, ஜாலி இங்கிலீஷ்தானே? அப்புறம் ஏன் தப்பு?” என்று கேட்டாள். நானும் யோசித்துப் பார்த்தேன், சொல்லத் தெரியவில்லை. நாள் முழுக்க நாம் சொல்கிற சொல் இது. உண்மையில் இதற்கு ஆங்கிலத்தில் என்ன பொருள், எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கரும்பலகை | வியாழன், இரவு 9:51

அம்மா, நான் ஆங்கில ஆசிரியன், வடசென்னையில் 22 வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அந்த டீச்சர் மேல் கோபப்பட வேண்டாம், நானாக இருந்தாலும் அந்த இடத்தில் பேனா நின்றிருக்கும்.

சொல் தப்பில்லை, நின்ற இடம்தான் இடறுகிறது. ஆங்கிலத்தில் ஜாலி என்பது பெரும்பாலும் ஓர் ஆளின் சுபாவம். எப்போதும் சிரித்த முகம், கொஞ்சம் பருத்த உடம்பு, அறைக்குள் வந்தாலே கலகலப்பு. கிறிஸ்துமஸ் தாத்தாவை அவர்கள் ஜாலி என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். ‘வீ ஹேட் எ ஜாலி டைம்’ என்று எழுதியிருந்தால் யாரும் சுழித்திருக்க மாட்டார்கள், கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும், அவ்வளவுதான். ‘வீ வேர் வெரி ஜாலி’ என்றால் இங்கிலாந்துக்காரர் காதில் விழுவது வேறு: “நாங்கள் லேசாகப் போட்டிருந்தோம்.” அரைப் போதையை நாகரிகமாகச் சொல்ல அவர்களிடம் இருக்கிற சொற்களில் இதுவும் ஒன்று. நாலாவது படிக்கிற பிள்ளை பீச்சில் அப்படி இருந்தது என்று எழுதினால் திருத்தத்தானே வேண்டும்.

ஆனால் காரணம் சொல்லாமல் சுழிப்பது எனக்கும் பிடிக்காது. பிள்ளை ஏன் என்று கேட்டதற்காகவே ஒரு மதிப்பெண் கூடப் போடலாம்.

வேளச்சேரி_நெல்லைக்காரன் | வியாழன், இரவு 10:05

எங்கள் பக்கம் சோலி என்றால் வேலை. ‘உன் சோலியைப் பாரு’, ‘அவனுக்கு ஆயிரம் சோலி’. இங்கே ஜோலி என்கிறார்கள். ஜாலிக்கும் ஜோலிக்கும் நடுவில் ஒரு கொம்புதான், பொருள் நேர் எதிர். ஜோலி தீர்ந்தால்தான் ஜாலி என்று எங்கப்பா சொல்லுவார்.

அகராதிப்பித்து | வியாழன், இரவு 11:38

இந்தச் சொல்லின் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே பிரியம் உண்டு, அதனால் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாலி ஆங்கிலத்துக்கும் பிறந்த பெண் இல்லை, வந்த மருமகள். பழைய பிரெஞ்சில் ‘ஜோலிஃப்’ என்று ஒரு சொல் இருந்தது. கொண்டாட்டமான, உற்சாகமான, அழகான, காதல் மயக்கத்தில் இருக்கிற என்று பல பொருள். 1066-ல் பிரான்ஸின் வடகரையிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு பேசிய அந்த நீண்ட காலத்தில் எத்தனையோ பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் குடியேறின. 1300 வாக்கில் இதுவும் ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது. அப்போது கடைசியில் ஒரு ‘ஃப்’ இருந்தது. பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசர், மினுக்கிக்கொண்டு பெண்கள் பின்னால் சுற்றுகிற ஒரு தேவாலய எழுத்தனை ‘ஜோலிஃப்’ என்றுதான் வர்ணிக்கிறார். போகப் போக அந்த ‘ஃப்’ உதிர்ந்துவிட்டது. இது மட்டும் இல்லை, ‘ஹேஸ்டி’, ‘டார்டி’ என்ற சொற்களும் இப்படி வால் உதிர்ந்தவைதான், பிரெஞ்சில் அவை ஹஸ்டிஃப், டார்டிஃப்.

அந்தக் கால ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஒரு நிலையில் நிற்கவில்லை. அழகனும் ஜாலி, வீரனும் ஜாலி, திமிர் பிடித்தவனும் ஜாலி, காமம் தலைக்கேறியவனும் ஜாலி. பிறகுதான் கூர் மழுங்கி, சிரித்த முகத்துக்காரர் என்ற இடத்தில் வந்து உட்கார்ந்தது. பதினாறாம் நூற்றாண்டிலேயே இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. ‘ஜாலி குட்’ என்றால் மகிழ்ச்சியான நல்லது இல்லை, ரொம்ப நல்லது. நாம் ‘செம’ என்று சொல்கிற இடம் அது. ‘செம நல்லா இருக்கு’ என்பதில் செம எப்படியோ, அப்படி.

பிரெஞ்சுக்கு முன்னால் எங்கிருந்தது என்பதில் ஒரு கருத்து இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்தது. வடக்கே ஸ்காண்டிநேவியாவில் குளிர்காலத்தின் நடுவில் ஒரு பெருவிருந்து, பெயர் ‘யோல்’. ஆங்கிலத்தில் ‘யூல்’ என்று கிறிஸ்துமஸைச் சொல்வது அதே சொல்தான். அந்த வடக்கத்திக்காரர்கள் பத்தாம் நூற்றாண்டில் பிரான்ஸின் வடகரையில் குடியேறினார்கள், நார்மண்டி என்ற பெயரே அவர்களால் வந்தது. அவர்கள் விருந்தின் பெயரில் பிரெஞ்சு விகுதி ஒட்டி ஜோலிஃப் ஆகியிருக்கலாம் என்பார்கள். அறிஞர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட முடிவு இல்லை இது. ஆனால் சரியாக இருந்தால், ஜாலியின் அடியில் பனிக்காலத்து அடுப்பும் நெருப்பும் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவதும் இருக்கின்றன.

நுங்கம்பாக்கம்_மாலை | வெள்ளி, காலை 7:20

அகராதி சார் சொன்னதற்குக் கூட ஒரு வரி. காலேஜ் ரோட்டில் அலியான்ஸ் பிரான்சேஸில் இரண்டு வருடம் பிரெஞ்சு படித்தேன். இன்றைய பிரெஞ்சில் அதே சொல் ‘ழோலி’, பொருள் அழகு மட்டும்தான். சட்டை ழோலி, வீடு ழோலி, பாட்டு ழோலி. முதல் மாதம் ஒரு நாள், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் பூ கொட்டிக் கிடந்ததைப் பார்த்து எங்கள் ஆசிரியை “செ ழோலி” என்றார். வகுப்பில் பாதிப் பேர் ‘ஜாலியா இருக்கு’ என்கிறார் என்று நினைத்தோம். இல்லை, ‘அழகா இருக்கு’ என்கிறார். ஒரே சொல், கடலுக்கு அந்தப் பக்கம் போனது மனசுக்குப் போனது, இந்தப் பக்கம் நின்றது முகத்தில் நின்றுவிட்டது.

தமிழ்_முதல் | வெள்ளி, காலை 8:02

எல்லோரும் பிரெஞ்சுக்கும் ஸ்காண்டிநேவியாவுக்கும் போகிறீர்கள். நம்மிடமே சாலி இருக்கிறதே? புத்திசாலி, தைரியசாலி, அதிர்ஷ்டசாலி, திறமைசாலி. மனம் நிறைந்தவன் சாலி. செந்நெல்லுக்கும் சாலி என்று பெயர், நெல் விளைந்தால் ஊரே மகிழ்ச்சி. சாலிதான் ஜாலி ஆகியிருக்கும் என்று நான் திடமாக நம்புகிறேன்.

அகராதிப்பித்து | வெள்ளி, காலை 9:15

ஐயா, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் இது பொருந்தாது. புத்திசாலியில் இருக்கிற சாலி வடமொழி விகுதி, ‘உடையவர்’ என்று பொருள். புத்தி உடையவர், பாக்கியம் உடையவர். அது தனியாக நிற்காது. ‘அவன் ஒரு சாலி’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? முன்னால் ஒரு சொல் வேண்டும். ஜாலியோ தனியாகவே துள்ளுகிறது. செந்நெல்லுக்குச் சாலி என்று பெயர் உண்டு, உண்மை, ஆனால் நெல்லிலிருந்து இந்தப் பொருளுக்கு வந்த வழியைக் காட்ட நடுவில் ஒரு வரிகூட நம் இலக்கியத்தில் இல்லை. ஒலி ஒத்துப்போனால் உறவு என்று சொல்ல ஆரம்பித்தால் வேளச்சேரிக்காரரின் சோலியும் இதற்குத் தம்பி ஆகிவிடும்.

ராயபுரம்_மாலுமி | வெள்ளி, மதியம் 1:40

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். 14 வருடம் கப்பலில் இருந்தவன், எங்கள் பக்கத்து ஜாலிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பாய்மரக் கப்பலில் பின்பக்கம் தொங்கவிட்ட சின்னப் படகுக்கு ஜாலி போட் என்று பெயர். கரைக்கு ஆள் கொண்டுபோக, தண்ணீர், காய்கறி ஏற்றிவர. உல்லாசப் படகு என்று நினைப்பார்கள், அது வேலைக்காரப் படகு. அந்தப் பெயர் சிரிப்பு ஜாலியிலிருந்து வரவில்லை, டேனிஷ், டச்சு மொழிகளில் சின்னப் படகுக்கு இருக்கிற ‘யோல’ மாதிரிச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆங்கிலேய மாலுமிகள் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொண்டார்கள் போல. அதே மாதிரி, கப்பலில் வருகிற கடற்படைச் சிப்பாய்க்கு மாலுமிகள் வைத்த பட்டப்பெயரும் ஜாலிதான்.

அப்புறம் மண்டை ஓட்டுக் கொடி. ஜாலி ரோஜர். 1724-ல் லண்டனில் வந்த கடற்கொள்ளையர் வரலாற்றுப் புத்தகத்திலேயே இரண்டு கொள்ளையர்கள் தங்கள் கொடியை அப்படி அழைத்ததாக இருக்கிறது. ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஆளுக்கொரு கதை. பிரெஞ்சில் ‘ழோலி ரூழ்’, அழகிய சிவப்பு, அதன் திரிபு என்பார்கள். இன்னொன்றுதான் எனக்கு ஆச்சரியம்: நம் பக்கத்துக் கண்ணூரில் அரக்கல் அலி ராஜா என்ற பட்டத்தோடு ஆண்டவர்கள் இருந்தார்கள், லட்சத்தீவும் அவர்கள் கையில் இருந்தது, அந்த ‘அலி ராஜா’தான் ஆங்கிலேயர் வாயில் ஜாலி ரோஜர் ஆனது என்று ஒரு கதை. இரண்டுக்கும் எழுத்தில் ஆதாரம் கிடையாது. ரோஜர் என்றால் அந்தக் கால ஆங்கிலத்தில் சைத்தானுக்கு ஒரு செல்லப்பெயர், ‘கிழட்டு ரோஜர்’ என்பார்கள். சிரிக்கிற சைத்தான். மண்டை ஓட்டின் பல்லைப் பார்த்தவர்களுக்கு அது போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக ஒன்று. இத்தாலிக்காரர்களோடு சீட்டாடும்போது, நாம் ஜோக்கர் என்கிற சீட்டை அவர்கள் ‘ஜாலி’ என்றார்கள். ‘ஜாலி ஜோக்கர்’ என்று ஆங்கிலத்தில் இருந்ததில் நாம் பின்பாதியை எடுத்துக்கொண்டோம், அவர்கள் முன்பாதியை எடுத்துக்கொண்டார்கள். எந்த இடத்திலும் பொருந்துகிற ஆளைக்கூட இத்தாலியில் ஜாலி என்பார்கள்.

யாழ்_வளசை | வெள்ளி, மாலை 6:30

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளசரவாக்கத்தில் இருக்கிறேன். நாங்கள் இதை ‘ஜொலி’ என்றுதான் எழுதுவோம், சொல்லுவோம். நீங்கள் டாக்டர், ஆபீஸ், காலேஜ், காபி என்பீர்கள். எங்களுக்கு டொக்டர், ஒபீஸ், கொலிஜ், கோப்பி. ஆங்கிலேயன் வாயைக் குவித்துச் சொல்கிற அந்த ஒலி ‘ஆ’வும் இல்லை, ‘ஒ’வும் இல்லை, நடுவில் நிற்கிறது. நீங்கள் ஒரு கரையில் இறக்கினீர்கள், நாங்கள் மற்றக் கரையில் இறக்கினோம். இங்கே வந்த முதல் வருடம் கடையில் ‘கோப்பி’ கேட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது எனக்கும் ஜாலி வந்துவிட்டது, ஆனால் அக்காவோடு போனில் பேசும்போது ஜொலிதான்.

கொளத்தூர்_சேச்சி | வெள்ளி, மாலை 7:11

மலையாளத்தில் ஜோளி என்று ஆட்களுக்கே பெயர் வைப்போம், ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஜோலி என்றால் வேலை. ளகர லகர வித்தியாசம்தான் இரண்டையும் பிரிக்கிறது, எங்களுக்கு அதில் குழப்பமே வராது.

எல்லியட்ஸ்_அலை | சனி, காலை 10:26

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மகளை மடியில் வைத்துக்கொண்டு இழையை முழுக்க வாசித்துக் காட்டினேன். மண்டை ஓட்டுக் கொடி வந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் இன்று காலை வேறு ஒன்று நடந்தது. பையில் தமிழ் நோட்டைத் தேடும்போது போன மாதக் கட்டுரை கண்ணில் பட்டது, ‘நான் சென்ற சுற்றுலா’. மாமல்லபுரம் போனதை எழுதியிருக்கிறாள். “நாங்கள் அனைவரும் ஜாலியாக இருந்தோம்.” அதிலும் ஜாலியாக என்பதைச் சுற்றி ஒரு சுழி. மேலே ‘மகிழ்ச்சியாக’.

இரண்டு நோட்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே பிள்ளை, ஒரே சொல். ஆங்கில நோட்டில், இது எங்கள் வீட்டுச் சொல் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தமிழ் நோட்டிலும் அதேதான். அப்படியானால் இது எந்த நோட்டில் எழுத வேண்டிய சொல்? என் வருத்தம் இதுதான். வீட்டில், தெருவில், பஸ்ஸில் என்று நாள் முழுக்க அவள் வாயில் இருக்கிற சொல்லுக்கு ஒரு நோட்டிலும் இடம் இல்லை.

தமிழ்_முதல் | சனி, காலை 11:03

தமிழ் ஆசிரியர் செய்ததுதான் சரி. மகிழ்ச்சி, உவகை, களிப்பு, கும்மாளம், கொண்டாட்டம் என்று எத்தனை இருக்கின்றன நம்மிடம். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் உவகை ஒன்று. பிள்ளைக்கு அவற்றைக் கொடுங்கள், எழுத்தில் வந்தால்தான் அவை உயிரோடு இருக்கும். நான் எதிரியாக நின்று சொல்லவில்லை. என் பேரன் ‘களிப்பு’ என்றால் என்னவென்று கேட்கிறான், அந்த வேதனையில் சொல்கிறேன்.

அகராதிப்பித்து | சனி, மதியம் 12:47

உங்கள் வேதனை எனக்கும் உண்டு. களிப்பும் உவகையும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் இழையின் ஆரம்பத்தில் கரும்பலகை சார் சொன்ன ஒன்று மனசில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஜாலிக்கு ஆங்கிலத்தில் அரைப் போதை என்று ஒரு பொருள் உண்டு, அதனால் பிள்ளை எழுதக்கூடாது என்றார். சரி, அதற்குப் பதிலாக நாம் கொடுக்கிற சொற்களைத் திறந்து பாருங்கள்.

‘களித்தறியேன் என்பது கைவிடுக’ என்கிறார் வள்ளுவர், 928-ஆவது குறள், கள்ளுண்ணாமை அதிகாரம். நான் குடித்ததே இல்லை என்று சொல்வதை விடு என்று பொருள். அங்கே களித்தல் என்றால் கள் குடித்து மயங்குவது. கள், களி, களிப்பு எல்லாம் ஒரே குடும்பம். மகிழ்ச்சி? 1281-ஐப் பாருங்கள்: ‘உள்ளக் களித்தலும் காண மகிழ்தலும் கள்ளுக்கில் காமத்திற் குண்டு’. நினைத்தாலே களிப்பு, பார்த்தாலே மகிழ்ச்சி, இது கள்ளுக்குக் கிடையாது, காதலுக்குத்தான் உண்டு. கள்ளோடு ஒப்பிட அவர் எடுத்த இரண்டு சொற்களும் இவைதான். சங்கப் பாட்டிலும் மகிழ் என்ற சொல்லுக்குக் கள் என்றும் கள் தந்த மயக்கம் என்றும் பொருள் உண்டு.

ஆக, அந்தத் தமிழ் நோட்டில் சிவப்பு மையில் எழுதிய ‘மகிழ்ச்சியாக’ ஒரு காலத்தில் கள் மொந்தைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொல். இரண்டாயிரம் வருடம் நடந்து வந்து இப்போது பள்ளிக்கூடத்துக்குள் அது மரியாதையாக நிற்கிறது. இங்கிலாந்தில் ஜாலி நடந்ததும் அதே மாதிரி வழிதான். இதைப் பார்த்த அன்று எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

வெளியிலிருந்து வந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் மகிழ்ச்சிக்குச் சொல்கிற சந்தோஷமும் குதூகலமும் உல்லாசமும் வடமொழி. வடமொழியில் குதூகலம் என்றால் முதலில் ஆவல், தெரிந்துகொள்ளும் துடிப்பு. தமிழுக்கு வந்துதான் அது துள்ளிக் குதிக்க ஆரம்பித்தது. குஷி, மஜா பாரசீகம். மஜா என்றால் அங்கே ருசி. தமாஷும் ஜல்சாவும் அரபு மொழி. ஜல்சாவுக்கு அங்கே ‘உட்கார்தல், அமர்வு’ என்றுதான் பொருள், இங்கே அதற்கு என்ன பொருள் என்று நான் எழுத வேண்டாம். ஆர்க்காட்டு நவாபுகள் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியிருந்த ஊர் இது, திருவல்லிக்கேணித் தெருக்களில் உருது புழங்குகிற ஊர். கோட்டையில் ஆங்கிலம், சேப்பாக்கத்தில் பாரசீகம், மயிலாப்பூரில் வடமொழி கலந்த தமிழ். சந்தோஷப்பட இந்த ஊருக்கு எத்தனை வாசல் திறந்திருந்தது பாருங்கள். இயற்சொல், திரிசொல் என்பதோடு திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் தொல்காப்பியமே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது.

கரும்பலகை | சனி, மாலை 4:30

நான் இலக்கணத்தின் பக்கமிருந்து பார்க்கிறேன், இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஜாலி பெயரடை. தமிழ் அதைப் பெயரடையாக எடுக்கவில்லை, பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டது. ‘ஒரே ஜாலி’, ‘உனக்கென்ன, ஜாலிதான்’, ‘ஜாலிக்காகச் செய்தேன்’. பெயரடை வேண்டுமென்றால் நம் வழக்கப்படி விகுதி போட்டு ‘ஜாலியான ஆள்’, வினையடைக்கு ‘ஜாலியாக’. சந்தோஷம், சந்தோஷமான, சந்தோஷமாக என்று எப்படிப் போகிறதோ அதே தடம். இங்கிலாந்துக்காரருக்கு ‘எனக்கு ஒரே ஜாலி’ என்பதை அப்படியே மாற்றிக் கொடுத்தால் புரியாது. அவர்கள் ஊரில் ‘எ ஜாலி’ என்று பெயர்ச்சொல்லாக வந்தால் அது அலுவலகச் செலவில் போகிற உல்லாசப் பயணம்.

பொருளும் மாறியிருக்கிறது. அங்கே ஜாலி ஒருவரின் குணம். இங்கே அது ஒரு நிலைமை. தலைமேல் வேலை இல்லை, கேட்க ஆள் இல்லை, நேரம் நம் கையில். ஒல்லியாக, உம்மென்று இருக்கிற ஆளைப் பார்த்தும் ‘ரிட்டயர் ஆகிவிட்டார், ஜாலியாக இருக்கிறார்’ என்போம்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. நவம்பர் மாதம், ராத்திரியெல்லாம் மழை. விடிகாலை டிவியில் கீழே ஓடுகிற எழுத்தை வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், சென்னை மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று வருகிறது. அந்த நிமிஷம் எங்கள் குடியிருப்பில் மாடிக்கு மாடி என்ன சத்தம் கேட்கும்? “ஜாலி!” ஒற்றைச் சொல். வாக்கியமே இல்லை. லண்டனில் எந்தப் பிள்ளையும் லீவு விட்டால் ‘ஜாலி’ என்று கத்தாது, அவர்களுக்கு அதற்கு வேறு கூச்சல் இருக்கிறது. இந்தக் கூச்சல் நாம் செய்துகொண்டது. ஆங்கில நோட்டில் நான் சுழிப்பேன் என்று சொன்னதில் மாற்றம் இல்லை. காரணத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்: அது தமிழ்ச் சொல், அதனால் சுழிப்பேன்.

வேளச்சேரி_நெல்லைக்காரன் | சனி, மாலை 4:44

கடைசி வரி. அதுதான் விஷயம்.

பெரம்பூர்_பழையவர் | சனி, இரவு 8:15

பிள்ளைகளே, எனக்கு வயது 74. ஐ.சி.எஃப்.பில், ரயில் பெட்டித் தொழிற்சாலையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் ஷாப்பில் ஒருவர் ரிட்டயர் ஆனால் மாலை போட்டு, மிக்சரும் மைசூர்பாகும் வைத்து, கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு பாட்டுப் பாடுவோம், ‘ஜாலி குட் ஃபெல்லோ’ என்று வருமே, அது. பழைய ஆங்கிலோ இந்திய ஃபோர்மன்கள் விட்டுப்போன பழக்கம் என்று எனக்கு மூத்தவர்கள் சொல்வார்கள். பாதிப் பேருக்கு ஆங்கிலமே தெரியாது, ஆனாலும் ‘ஜாலி’ வருகிற இடத்தில் குரல் ஏறும்.

எனக்கும் பாடினார்கள். ஆள் ஜாலியானவர் என்று புகழ்கிறார்கள் என்று அந்தச் சமயம் எனக்குத் தோன்றவே இல்லை. இனிமேல் ஜாலியாக இருங்கள் என்று வாழ்த்துகிறார்கள் என்றுதான் கேட்டது. இன்றைக்கு இதைப் படித்த பிறகுதான் தெரிகிறது, அங்கே ஜாலி என்றால் ‘ரொம்ப’, ‘ரொம்ப நல்ல மனுஷன்’ என்றுதான் பாடியிருக்கிறார்கள். இரண்டும் நல்லதுதான். ஆனால் நான் கேட்ட பொருளோடுதான் அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன், அதை நான் விடப்போவதில்லை.

யாழ்_வளசை | சனி, இரவு 8:40

ஐயா, வாசித்துக் கண் கலங்கிப்போனேன்.

தமிழ்_முதல் | சனி, இரவு 9:30

கரும்பலகை ஐயா சொன்ன மழைக்காலைக் காட்சியை மனசில் ஓட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் ‘மகிழ்ச்சி!’ என்று ஒரு பிள்ளை கத்துவதாக வைத்துப் பார்த்தேன், வரவில்லை. ‘உவகை!’ வரவே வராது. பேச்சில் ஜாலிக்கு இடம் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். கட்டுரையில் வேண்டாம் என்பதில் நிற்கிறேன்.

எல்லியட்ஸ்_அலை | புதன், இரவு 9:05

இன்று பெற்றோர் கூட்டம். தமிழ் ஆசிரியையிடம் இரண்டு நோட்டையும் காட்டினேன். சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை, பிள்ளையின் கேள்வியைத்தான் சொன்னேன். அவர் ஆங்கில நோட்டில் இருந்த சுழியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “கட்டுரை என்றால் நான் திருத்தத்தான் செய்வேன், தேர்வில் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் அடுத்த பாடத்தில் உரையாடல் எழுதும் பயிற்சி வருகிறது. மனிதர்கள் பேசுகிற மாதிரியே எழுதச் சொல்லியிருக்கிறேன், அதில் எழுதட்டும்” என்றார். தமிழ்_முதல் ஐயா சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் உட்கார்ந்து எழுதிவிட்டாள். அக்கா, தம்பி இரண்டு பேர் பேசுவதாக. அவள் அனுமதியோடு, அப்படியே:

தம்பி: அக்கா, வெளியே பார். தெருவில் தண்ணீர் நிற்கிறது.

அக்கா: டிவியைப் போடு. சத்தம் வேண்டாம், தாத்தா தூங்குகிறார்.

தம்பி: நம்ம ஊர் வந்துவிட்டதா?

அக்கா: திருவள்ளூர் வந்துவிட்டது. காஞ்சிபுரம் வந்துவிட்டது. இரு.

தம்பி: சென்னை!

அக்கா: ஜாலி!

தம்பி: அக்கா, தாத்தா எழுந்துவிட்டார்.